எபிசோடின் எழுத்து வடிவம்: வருஷத்துக்கு எத்தனை இதழ்?

(இது ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். இழுவைகளையும், நடுவுல வந்த பைக் ஹாரனையும் எடுத்தாச்சு. பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கேன்.)

இந்த வாரம் சென்னை ரூம்ல இருந்து இல்ல, ஊர்ல இருந்து பேசறேன். காரைக்கால். மாடி ரூம், ஃபேனை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கேன், அதனால நடுநடுவே நான் மூச்சு வாங்கினா மன்னிச்சிடுங்க.

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து வந்தது. என் பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, காமர்ஸ் படிச்சவங்க. டெல்டா பக்கம் ஒரு காலேஜ்ல வேலை பார்க்கறாங்க. அந்தக் காலேஜ் ஒரு சின்ன ஆய்வு ஜர்னல் நடத்துது. அக்கவுண்டிங், ஃபைனான்ஸ் கட்டுரைகள் வரும். வருஷத்துக்கு ரெண்டு இதழ். அதோட எடிட்டோரியல் கமிட்டியில அக்காவும் இருக்காங்க. போன வாரம் பாரதியார் சாலையில டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டாங்க:

"ஜர்னலை வருஷத்துக்கு நாலு இதழ் ஆக்கலாம்னு கமிட்டியில பேச்சு வந்திருக்குடா தம்பி. அடுத்த மீட்டிங்ல நான் கருத்து சொல்லணும். நீ என்ன சொல்ற?"

கேட்டுட்டு சிரிச்சாங்க. ஏன்னா இதே மாதிரி ஒரு விஷயத்துல 2018-ல நான் அவங்களுக்கு ஒரு யோசனை சொன்னேன். அந்த யோசனையால அவங்க பிஎச்டி ஒரு வருஷத்துக்கு மேல தள்ளிப்போச்சு. அதை இன்னைக்கு ஒளிக்காம சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வார்த்தை விளையாட்டு.

ஜர்னல்னா என்ன?

பிளஸ் டூவுல அக்கவுண்டன்சி எடுத்தவங்களுக்கு ஜர்னல்னா "குறிப்பேடு". தினமும் நடக்கற வரவு செலவை முதல்ல அதுல எழுதணும். அப்புறம் அங்க இருந்து பேரேட்டுக்கு, அதாவது லெட்ஜருக்கு மாத்தணும். கடைசியில ட்ரையல் பேலன்ஸ்.

வார்த்தையோட வேர் பிரெஞ்சு. எங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் 1739-ல வந்து 1954 வரைக்கும் இருந்தான். அதனால பிரெஞ்சு தெரியாதவங்களுக்கும் "போன்ஜூர்" தெரியும். அதுல வர்ற "ஜூர்"தான் நாள். ஜர்னல்னா நாளேடு.

ஆனா ஆய்வு ஜர்னல் தினமும் வராது. வருஷத்துக்கு ரெண்டு, நாலு, ஆறு தடவை வரும். பேர் நாளேடு, வர்றது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. அக்கவுண்டிங் ஆளுங்களோட ஆய்வு ஜர்னல்னு வரும்போது ரெண்டு அர்த்தமும் ஒரே இடத்துல மோதுது. இந்த மோதலைக் கொஞ்சம் நினைவுல வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

இன்னொண்ணு. ஐசிஏஐ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம், "தி சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்"னு ஒரு இதழ் 1952 ஜூலையில இருந்து மாசாமாசம் வெளியிடுது. அது தொழில் செய்யறவங்களுக்கானது. வரிச் சட்டம் மாறினா, ஸ்டாண்டர்டு மாறினா, அவங்களுக்கு உடனே தெரியணும். மாச இதழா இருக்கறதுதான் நியாயம். ஆய்வு ஜர்னல் வேற ஜாதி. ஒரு கட்டுரை வந்தா அதை அதே துறையில இருக்கற ரெண்டு பேர் பேர் தெரியாம படிச்சு, "இந்த டேட்டா எங்க இருந்து வந்தது? இந்த முடிவு எப்படி வரும்?"னு குடைஞ்சு எடுத்த பிறகுதான் அச்சுக்குப் போகும். இதைத்தான் பியர் ரிவ்யூன்னு சொல்றோம். இனிமே ரிவ்யூன்னு மட்டும் சொல்றேன்.

நான் கெடுத்த கதை

2018 ஜனவரி. நான் இன்ஜினியரிங் ஃபைனல் இயர். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்னு ஒரு பேப்பரை நல்ல மார்க்ல பாஸ் பண்ண திமிர். ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ், சின்னச் சின்னதா வெளியிடு, சீக்கிரம் வெளியிடு. இதெல்லாம் எனக்கு அப்போ வேதவாக்கு.

அக்கா பார்ட் டைம் பிஎச்டி. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கணக்கை எப்படி எழுதறாங்க, யார் சரிபார்க்கறாங்கங்கறதுதான் ஆய்வு. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம்னு ஸ்கூட்டியில சுத்தி, குழுவுக்குக் குழு உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எடுத்த டேட்டா. யுஜிசியோட 2016 விதிப்படி, ஆய்வேடு சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி ரெஃபரீட் ஜர்னல்ல குறைஞ்சது ஒரு கட்டுரை வந்திருக்கணும்.

நல்ல ஜர்னல்னு அவங்க கைடு சொன்னது வருஷத்துக்கு ரெண்டு இதழ். "கட்டுரை ஏத்துக்கிட்டாலும் வர்றதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும்"னு அக்கா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதே சமயம் அவங்க மெயில்ல இன்னொரு ஜர்னல்ல இருந்து அழைப்பு வந்திருந்தது. மாச இதழ். ஒரு வாரத்துல ரிவ்யூ. கட்டணம் 2,500 ரூபாய். யுஜிசியோட அப்ரூவ்டு லிஸ்ட்லயும் அது பேர் இருந்தது.

"நீ கம்ப்யூட்டர் பையன்தானே, இதைக் கொஞ்சம் பாரு"ன்னாங்க. நான் பார்த்தேன். எதைப் பார்த்தேன்? வெப்சைட்டைப் பார்த்தேன். மொபைல்ல நல்லா திறந்தது. "சூப்பரா இருக்கு, அனுப்புங்க"ன்னு சொல்லி, அவங்க நெட் பேங்கிங்ல நானே பணத்தையும் கட்டினேன். பன்னண்டு நாள்ல கட்டுரை வெளியாச்சு. ரிவ்யூ அறிக்கைன்னு வந்தது ரெண்டே வரி.

2018 மே மாசம் யுஜிசி தன்னோட லிஸ்ட்ல இருந்து 4,305 ஜர்னலைத் தூக்கிச்சு. இதுவும் அதுல ஒண்ணு.

2,500 ரூபாய் போனது பெரிய விஷயம் இல்ல. ஒரு தடவை வெளியான கட்டுரையை வேற ஜர்னலுக்கு அனுப்ப முடியாது. அந்த டேட்டாவுல எழுத வேண்டிய முக்கியமான கட்டுரை செத்துப்போச்சு. அக்கா ஆய்வோட வேற அத்தியாயத்தை எடுத்து, புதுசா எழுதி, அந்த ஆறு மாச ஜர்னலுக்கே அனுப்பினாங்க. ரெண்டு சுத்து ரிவ்யூ. 2019 கடைசியில ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் வரிசை. 2021-ல அந்த ஜர்னல் ஆறு மாச இதழ்ல இருந்து காலாண்டு இதழா மாறினப்பதான் இவங்க முறை வந்தது.

கவனிச்சீங்களா? அடிக்கடி வர்ற ஒரு ஜர்னல் அவங்களைக் கவுத்துச்சு. அடிக்கடி வர ஆரம்பிச்ச இன்னொரு ஜர்னல் அவங்களைக் காப்பாத்திச்சு. அதனால "இதழ் அதிகமானா நல்லதா கெட்டதா?"ன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. அக்கா என்கிட்ட கேட்டது அதனாலதான் கஷ்டமான கேள்வி.

நூறு வயசு ஜர்னல் என்ன பண்ணிச்சு?

இந்தக் கேள்வியைப் பெரிய ஜர்னல்களும் சந்திச்சிருக்கு. அமெரிக்கன் அக்கவுண்டிங் அசோசியேஷன் நடத்தற "தி அக்கவுண்டிங் ரிவ்யூ" 1926-ல ஆரம்பிச்சது. ரொம்ப காலம் அது காலாண்டு இதழ், வருஷத்துக்கு 4. 2000-களோட நடுவுல கூட்ட ஆரம்பிச்சாங்க. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள 6 ஆச்சு. இன்னைக்கும் ரெண்டு மாசத்துக்கு ஒரு இதழ்.

ஏன் கூட்டணும்? பின்னணியில ஒரு விஷயம் இருக்கு. அக்கவுண்டிங்ல முதல் வரிசை ஜர்னல்னு சொல்றது விரல் விட்டு எண்ணிடலாம். ஃபைனான்ஸ், மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங் துறைகளோட ஒப்பிட்டு எட்வர்ட் ஸ்வான்சன்கறவர் 2004-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். பெரிய ஜர்னல்ல கட்டுரை போட முடிஞ்ச பேராசிரியர்களோட பங்கு அக்கவுண்டிங்லதான் குறைவு. அங்க வேலை நிரந்தரமாகறதும் சம்பளமும் இந்தக் கட்டுரையை வச்சுத்தான். சீட்டு கம்மியா இருந்தா துறையே ஒல்லியாகிடும்.

இன்னொரு ஜர்னல் "ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்". 1963-ல சிகாகோ பல்கலைக்கழகமும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் சேர்ந்து ஆரம்பிச்சது. அப்போ வருஷத்துக்கு ரெண்டே இதழ். 1966-ல இருந்து அதோட ஒரு சப்ளிமென்ட், மாநாட்டுக் கட்டுரைகளுக்காக. இப்போ வருஷத்துக்கு 5.

இந்த ரெண்டு ஜர்னலுக்கும் நடுவுல நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரே பால், பிலிப் பிரவுன்னு ரெண்டு ஆஸ்திரேலியர்கள். 1960-கள்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. கம்பெனி லாபக் கணக்கை அறிவிக்கும்போது பங்கு விலை எப்படி நகருதுன்னு 261 கம்பெனிகளை எடுத்துப் பார்த்தாங்க. அக்கவுண்டிங்னா எப்படிக் கணக்கு எழுதணும்னு விவாதிக்கறதுன்னு இருந்த காலத்துல, எழுதின கணக்கு நிஜ உலகத்துல ஏதாவது பண்ணுதான்னு டேட்டாவை வச்சுக் கேட்டவங்க.

அக்கவுண்டிங் ரிவ்யூ அதை நிராகரிச்சது. வருஷத்துக்கு 4 இதழ் வர்ற ஜர்னல்ல இடம் கிடைக்கலை. வருஷத்துக்கு 2 இதழ் வர்ற ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்ல 1968 இலையுதிர்கால இதழ்ல வந்தது. அதுக்கப்புறம் அந்தத் துறையோட பாதையே மாறிச்சு. 1986-ல அமெரிக்கன் அக்கவுண்டிங் அசோசியேஷன் "அடித்தளம் போட்ட ஆய்வு"க்குன்னு ஒரு விருதை ஆரம்பிச்சு, முதல் விருதை இவங்களுக்குத்தான் கொடுத்தது. நிராகரிச்ச ஜர்னலை நடத்தற அதே அசோசியேஷன். 2014-ல இவங்க அந்தக் கட்டுரையைத் திரும்பிப் பார்த்து எழுதினதும் அக்கவுண்டிங் ரிவ்யூலயே வெளியாச்சு.

அதாவது, அவங்களுக்கு வேண்டியிருந்தது அடிக்கடி திறக்கற கதவு இல்ல. வேற ஒருத்தர் நிக்கற கதவு. இதழ் எண்ணிக்கை சொல்லாத ஒரு விஷயத்தை இந்தக் கதை சொல்லுது.

இதுல இன்னொரு வேடிக்கை. அந்தக் கட்டுரையோட முடிவு என்ன தெரியுமா? ஆண்டு லாபக் கணக்குல இருக்கற தகவல்ல கிட்டத்தட்ட 85-ல இருந்து 90 சதவீதம், அந்த அறிக்கை வர்றதுக்கு முன்னாடியே வேற வழியில சந்தைக்கு வந்து சேர்ந்துடுது. அறிக்கை உபயோகமானதுதான், ஆனா லேட்டா வர்ற செய்தி.

ஆய்வு ஜர்னலும் இன்னைக்கு அப்படித்தான். 1994-ல ஆரம்பிச்ச எஸ்எஸ்ஆர்என்னு ஒரு தளத்துல ஆய்வாளர்கள் கட்டுரையை முன்னாடியே போட்டுடறாங்க. துறையில இருக்கறவங்க அங்கயே படிச்சுடுவாங்க. ஜர்னல்ல அச்சாகும்போது அது பழைய செய்தி. அப்போ ஜர்னல் எதுக்கு? "இதை நாங்க சோதிச்சுப் பார்த்தோம்"ங்கற முத்திரைக்கு. அந்த முத்திரை எத்தனை பேருக்குக் கிடைக்கும்கறதைத்தான் இதழ் எண்ணிக்கை தீர்மானிக்குது.

திருநள்ளாறு பஸ் கணக்கு

இப்போ அக்காவோட ஜர்னலுக்கு வருவோம். இங்க என் பக்கத்துச் சரக்கைக் கொஞ்சம் எடுக்கறேன். 1961-ல ஜான் லிட்டில்னு ஒருத்தர் ஒரு எளிமையான விதியை நிரூபிச்சார். வரிசையில சராசரியா நிக்கற ஆளுங்க எண்ணிக்கை, அவங்க வந்து சேர்ற வேகத்தை ஒரு ஆள் காத்திருக்கற நேரத்தால பெருக்கினா வர்றது. சர்வர் ஓட்டறவங்க தினமும் கும்பிடற விதி இது.

சனிக்கிழமை காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க. திருநள்ளாறு போற கூட்டம். நீங்க எவ்வளவு நேரம் நிக்கணும்கறது ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: முன்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க, மணிக்கு எத்தனை பேரைப் பஸ் ஏத்திக்கிட்டுப் போகுது.

அக்கா கொடுத்த நம்பர் இது. ஒரு இதழுக்கு 8 கட்டுரை. வருஷத்துக்கு 2 இதழ், ஆக 16. இப்போ ஏத்துக்கிட்டு அச்சுக்கு நிக்கற கட்டுரை 24. கடைசியா நிக்கறவர் 18 மாசம் காத்திருக்கணும்.

இப்போ 4 இதழ் ஆக்கறோம். ரெண்டு விதமா ஆக்கலாம்.

முதல் விதம்: 4 இதழ், ஒவ்வொண்ணுலயும் 4 கட்டுரை. மொத்தம் அதே 16. பெரிய பஸ்ஸை எடுத்துட்டு ரெண்டு மினி பஸ் விட்ட மாதிரி. ஸ்டாண்டுல அடிக்கடி பஸ் வர்ற மாதிரி தெரியும், ஆனா வரிசை அப்படியேதான் நகரும். கடைசி ஆள் இன்னும் 18 மாசம்தான். வெளியில "நாங்க காலாண்டு இதழ் ஆயிட்டோம்"னு அறிவிச்சுக்கலாம், அவ்வளவுதான்.

ரெண்டாவது விதம்: 4 இதழ், ஒவ்வொண்ணுலயும் 8. வருஷத்துக்கு 32. கடைசி ஆள் 9 மாசத்துல வெளியே வந்துடுவார். இதுதான் நிஜமான மாற்றம். அக்காவோட சொந்தக் கட்டுரையைக் காப்பாத்தினது இந்த மாதிரி மாற்றம்தான்.

நான் இந்த இடத்துல "அப்போ ரெண்டாவது விதத்தைப் பண்ணுங்க"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாங்க. "வருஷத்துக்கு எத்தனை கட்டுரை நாங்க ஏத்துக்கறோம்னு நீ கேக்கவே இல்லையே."

எத்தனை? சுமார் 20.

போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 20 உள்ள வருது, 16 வெளிய போகுது. 4, 4-ஆ சேர்ந்து சேர்ந்துதான் பாக்கி 24 ஆகியிருக்கு. 32 ஆக்கினா, வருஷத்துக்கு 12 பாக்கி குறையும். ரெண்டு வருஷத்துல 24-உம் தீர்ந்துடும். ரொம்ப சந்தோஷம். மூணாவது வருஷம்? 32 சீட்டு இருக்கு, 20 பேர்தான் வர்றாங்க. 12 சீட்டு காலி.

பஸ்ல சீட்டு காலியா போகலாம், ஒண்ணும் தப்பில்ல. ஜர்னல் அப்படிப் போக முடியாது. மெல்லிசா வந்தா "இவங்க ஜர்னல் படுத்துடுச்சு"ன்னு பேசுவாங்க. இதழ் வரவேண்டிய தேதியில வரலைன்னா இன்டெக்ஸ்ல இருந்தே பேர் போகலாம். அப்போ எடிட்டர் என்ன பண்ணுவார்? ரெண்டு மனசா இருந்த கட்டுரையை "சரி, போடலாம்"பார். கோட்டைத் தாண்டாததைத் தாண்டினதா வச்சுப்பார். யாரும் கெட்டவங்க இல்ல, யாரும் பணம் வாங்கலை, ஆனா மூணாவது வருஷம் ஜர்னலோட தரம் இறங்கியிருக்கும்.

அந்த 12 சீட்டுக்கும் நேர்மையா ஆள் பிடிக்கணும்னா? வர்ற நாலு கட்டுரையில ஒண்ணைத்தான் இவங்க ஏத்துக்கறாங்க. 20 ஏத்துக்க இப்போ 80 கட்டுரை வருது, கட்டுரைக்கு ரெண்டு ரிவ்யூவர்னா 160 அறிக்கை. 32 ஏத்துக்கணும்னா 128 கட்டுரை, 256 அறிக்கை வேணும். ரிவ்யூவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பேப்பர் திருத்தி, அட்மிஷன் வேலை பார்த்து, ராத்திரி உட்கார்ந்து படிக்கற பேராசிரியர்கள். புது பஸ் வாங்கியாச்சு, டிரைவர் அதே ஆள். அவர் தூங்காம ஓட்டினா என்ன ஆகும்னு ஈசிஆர்ல போறவங்களுக்குத் தெரியும்.

யார் காசு கொடுக்கறாங்க?

மேல சொன்னது நல்ல மனசுள்ள ஜர்னல். இதுல பணமும் சேர்ந்தா?

சந்தா வாங்கற ஜர்னலுக்கு 16 கட்டுரை போட்டாலும் 32 போட்டாலும் வருமானம் பெரிசா மாறாது. கட்டுரை எழுதினவர்கிட்ட காசு வாங்கற ஜர்னலுக்கு, கட்டுரை கூடக் கூட வருமானம் கூடும். எல்லாக் கட்டண ஜர்னலும் மோசம்னு சொல்லலை, நல்லது நிறைய இருக்கு. ஆனா "இதழைக் கூட்டறோம்"னு ஒருத்தர் சொல்லும்போது அவருக்கு அதுல என்ன லாபம்னு பார்க்கணும். 

உலக அளவுல நடந்த உதாரணம் ஹிண்டாவி. ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்கள் நடத்தின கம்பெனி. வைலி 2021-ல 298 மில்லியன் டாலர் கொடுத்து அதை வாங்கிச்சு. சிறப்பிதழ் மேல சிறப்பிதழா போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு சிறப்பிதழுக்கும் வெளியில இருந்து ஒரு கெஸ்ட் எடிட்டர். கட்டுரை தயாரிச்சு விக்கற கும்பல் அந்த வழியா உள்ள புகுந்துடுச்சு. 2023-ல மட்டும் 8,000-க்கு மேல கட்டுரைகளை வாபஸ் வாங்கினாங்க. கடைசியில அந்தப் பேரையே கைவிடறதா வைலி அறிவிச்சது.

நம்ம பக்கமும் பெருமைப்பட ஒண்ணும் இல்ல. போலி ஜர்னல்களைப் பத்தி ஷென், பியார்க் ரெண்டு பேரும் 2015-ல வெளியிட்ட ஆய்வு, 2010-ல சுமார் 53,000-ஆ இருந்த இப்படிப்பட்ட கட்டுரைகள் 2014-ல 4,20,000 ஆச்சுன்னு மதிப்பிட்டது. அவங்க மாதிரிக்கு எடுத்த ஆசிரியர்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல இந்தியாவுல இருந்து. எங்க அக்கா மாதிரி ஆளுங்க. "கட்டுரை இருந்தாத்தான் பட்டம்"னு விதி போட்டுட்டு, நல்ல ஜர்னல்ல சீட்டைக் கூட்டாம விட்டா, நடுவுல கடை போடறவன் வரத்தான் செய்வான்.

அதுக்காக, கம்மியா வர்ற பெரிய ஜர்னல்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமா? அதுவும் இல்ல. ஜேம்ஸ் ஹன்டன்னு ஒரு அக்கவுண்டிங் பேராசிரியர். ஆடிட்டர்கள் மோசடியை எப்படிக் கலந்து பேசிக் கண்டுபிடிக்கணும்னு 2010-ல அக்கவுண்டிங் ரிவ்யூல கட்டுரை போட்டார். 2012-ல அதை வாபஸ் வாங்க வேண்டி வந்தது. 2014-ல அவர் வேலை பார்த்த பென்ட்லி பல்கலைக்கழகம் விசாரிச்சு, அவர் நேர்மை தவறினதா அறிவிச்சது. பின்னாடி அவரோட 30-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ் ஆச்சு. மோசடியைக் கண்டுபிடிக்கறது பத்தின கட்டுரையிலயே மோசடி. ரிவ்யூவர்கள் கேட்காம விட்டது ஒரே கேள்விதான்: "அந்த டேட்டாவைக் கொஞ்சம் காட்டுங்க."

வவுச்சர் எங்க?

இப்போ யுஜிசி பக்கம் நிலைமை மாறியிருக்கு. 2018 நவம்பர்ல கேர்ங்கற புது லிஸ்ட் முறையை அறிவிச்சாங்க, 2019-ல லிஸ்ட் வந்தது. 2022 பிஎச்டி விதியில, கட்டுரை கட்டாயம்கறதை எடுத்துட்டாங்க. 2025 பிப்ரவரியில கேர் லிஸ்ட்டையே நிறுத்திட்டு, எது நல்ல ஜர்னல்னு கல்வி நிறுவனங்களே முடிவு பண்ணிக்கங்க, பார்க்க வேண்டிய அளவுகோல் இதுன்னு கொடுத்துட்டாங்க. அதாவது ஒளிஞ்சுக்க இனி லிஸ்ட் கிடையாது. ஒவ்வொரு காலேஜும், ஒவ்வொரு கமிட்டியும் தானே தலையை விட்டுப் பார்க்கணும்.

அதனால அக்காவும் நானும் ஒரு நோட்டுல நாலு கேள்வி எழுதினோம். எந்த ஜர்னல் இதழைக் கூட்டினாலும் இதைக் கேட்கலாம்.

ஒண்ணு, இதழ் மட்டும் கூடுதா, மொத்தக் கட்டுரையும் கூடுதா?

ரெண்டு, எடிட்டர், ரிவ்யூவர் எண்ணிக்கையும் சேர்ந்து கூடுதா?

மூணு, பாக்கி தீர்ந்த பிறகு அந்த இடத்தை எது நிரப்பும்?

நாலு, கூடற ஒவ்வொரு கட்டுரைக்கும் யார் பணம் கொடுக்கறாங்க?

இந்த நாலையும் எழுதி முடிச்சதும் அக்கா சொன்னதுதான் எனக்கு இந்த எபிசோடு பண்ணத் தோணினதுக்குக் காரணம். சுயஉதவிக் குழு நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்த அனுபவம் அது.

"நெடுங்காட்டுப் பக்கம் ஒரு குழுவுல நோட்டு முத்து முத்தா எழுதியிருக்கும். தினமும் என்ட்ரி. பார்க்கவே அழகா இருக்கும். வவுச்சரைக் கேட்டா ஒண்ணும் இருக்காது. இன்னொரு குழுவுல மாசத்துக்கு ரெண்டு தடவைதான் எழுதுவாங்க, கோழி கிறுக்கின மாதிரி. ஆனா ஒவ்வொரு வரிக்கும் ரசீது குத்தி வச்சிருப்பாங்க. ரெண்டாவது குழுவுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். ஜர்னல்ல எத்தனை என்ட்ரி இருக்குன்னு யாரும் ஆடிட் பண்றதில்லடா. வவுச்சர் இருக்கான்னுதான் பார்ப்பாங்க."

ஆரம்பத்துல சொன்னேனே, ரெண்டு ஜர்னலும் மோதுதுன்னு. இந்த இடத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. ஆய்வு ஜர்னலுக்கு ரிவ்யூதான் வவுச்சர். 2018-ல நான் வெப்சைட்டைப் பார்த்தேன், முத்து முத்தான எழுத்தைப் பார்த்தேன். அந்த ரெண்டு வரி ரிவ்யூவைப் பார்த்திருந்தா போதும்.

அக்கா மீட்டிங்ல என்ன சொல்லப் போறாங்க? இதழ் ரெண்டாவே இருக்கட்டும். பாக்கி 24 தீர்ற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு கூடுதல் இதழ், அந்தப் பழைய ஜர்னல் சப்ளிமென்ட் போட்ட மாதிரி. 16 இப்போ 24 ஆகும், உள்ள வர்றது 20. பாக்கி மெதுவாத்தான் குறையும், ஆனா காலி சீட்டு விழாது. கட்டுரையை ஏத்துக்கிட்ட உடனே ஆன்லைன்ல போட்டுடலாம், அச்சு வரிசைக்காக ஒரு பிஎச்டி பொண்ணு ஸ்கூட்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அதுக்குள்ள ரிவ்யூவர் பட்டியலைப் பெரிசாக்கணும். நாலு இதழுக்குத் தாங்கும்னு தெரிஞ்ச பிறகு நாலு ஆக்கலாம்.

"கமிட்டி ஒத்துக்குமா?"ன்னேன்.

"காலாண்டு இதழ்னு போஸ்டர் அடிக்கணும்னு ரெண்டு பேருக்கு ஆசை இருக்கு. பார்க்கலாம். நான் கணக்கு டீச்சர், கணக்கைக் காட்டுவேன்."

டீக்குக் காசு நான் கொடுக்கப் போனேன். "வேண்டாம், நீ பணம் கட்டினாலே எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லி அவங்களே கொடுத்துட்டாங்க.

இந்த வாரம் இவ்வளவுதான். பிஎச்டி பண்ணிக்கிட்டு இருக்கற யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, அந்த நாலு கேள்வியை மட்டும் அவங்களுக்கு அனுப்புங்க. உங்களுக்கு வந்த கடைசி ரிவ்யூ எத்தனை வரி இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சென்னையில இருந்து, ஃபேன் ஓடற ரூம்ல இருந்து பேசறேன். வரட்டா.